பீங்கான் கிண்ணமும் காலைச் சோதனையும்: தொலைவில் ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று கேட்ட கதை

விருத்தாசலம் என்றதும் பழமலைநாதர் கோயிலும் மணிமுத்தாறும் ஞாபகம் வரும். ரயில்காரர்களுக்கு ஜங்ஷன். மின்சார வேலை செய்கிறவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்: பீங்கான். வீட்டு மீட்டர் பலகையில் இருக்கும் வெள்ளை ஃபியூஸ் கட்டையும், தெருக் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் குமிழும் இந்த ஊர்ச் சூளைகளில் வெந்து வந்தவையாக இருக்கலாம். பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கம். பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் மண்ணில் நல்ல வெண்களிமண் உண்டு. செராமிக் தொழிற்பேட்டை இந்த ஊரில் வேர் பிடித்ததற்கு அந்த மண் ஒரு பெரிய காரணம்.

இந்தப் பதிவு ஃபியூஸ் கட்டையைப் பற்றியது இல்லை. இணையதளங்கள் இயங்குகின்றனவா என்று உலகத்தின் பல மூலைகளிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டிப் பார்க்கும் கண்காணிப்பு வலைகளைப் பற்றிக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையின் முன்னோர் யார் என்று தேடிப் போனால், வழி நேராக ஒரு பீங்கான் கிண்ணத்தில் போய் நின்றது. தந்திக் கம்பத்தின் இன்சுலேட்டர்.

கதை ஒரு டாக்டரிடம் தொடங்குகிறது. வில்லியம் புரூக் ஓஷானஸி, அயர்லாந்துக்காரர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். 1839-இல் கல்கத்தாவில் மூங்கில்களின் மேல் 21 மைல் நீளத்துக்குக் கம்பி இழுத்து, அதன் வழியே சைகை அனுப்பிப் பார்த்தார். அதைக் கம்பெனி அரசு கண்டுகொள்ள ஏறக்குறைய பத்து வருஷம் ஆயிற்று. டல்ஹௌசி காலத்தில்தான் வேலை சூடு பிடித்தது. 1853-இல் பெரிய கட்டுமானம் ஆரம்பம். 1855 பிப்ரவரியில் பொதுமக்கள் காசு கொடுத்துத் தந்தி அனுப்பலாம் என்ற நிலை. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய், மெட்ராஸ் எல்லாம் ஒரே கம்பியில். மெட்ராஸ் பக்கத்தில் சில இடங்களில் கம்பத்துக்குப் பதில் கருங்கல் தூணையே நட்டார்கள். குரங்கு தொங்கினாலும் அறுந்துவிடக் கூடாது என்று தடித்த இரும்புக் கம்பி போட்டார் ஓஷானஸி.

கம்பி அறுவதைச் சமாளித்தாயிற்று. அதைவிடப் பெரிய எதிரி மழை.

ஏன் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மைல் கம்பி, மைலுக்கு 20 கம்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 2,000 கம்பம். ஒவ்வொரு கம்பத்திலும் கொஞ்சம் மின்சாரம் கம்பம் வழியாகத் தரைக்குக் கசியும். காய்ந்த நாளில் ஓர் இன்சுலேட்டரின் தடை 1,000 மெகா ஓம் என்றால், 2,000 சேர்ந்தால் கசிவுத் தடை அரை மெகா ஓம். பிரச்சினை இல்லை. அடைமழையில் அதே இன்சுலேட்டர் 10 மெகா ஓமுக்கு இறங்கினால், மொத்தம் வெறும் 5,000 ஓம். 100 மைல் இரும்புக் கம்பியின் தடையே ஆயிரம் ஓமுக்கு மேல் வரும். அதாவது, அனுப்பிய மின்சாரத்தில் நல்ல பங்கு அந்தப் பக்கம் போய்ச் சேராமலே தரையில் இறங்கிவிடும். தனியாகப் பார்த்தால் ஒரு கம்பத்திலும் குற்றமில்லை. சேர்த்துப் பார்த்தால் லைன் செத்துவிட்டது.

இதற்குத்தான் பீங்கான். நன்றாக வெந்த பீங்கான் தண்ணீரைக் குடிக்காது. மேலே கண்ணாடி மாதிரி மெருகு இருப்பதால் தூசியும் உப்பும் அவ்வளவு சுலபமாக ஒட்டாது. வடிவம்தான் இன்னும் சாமர்த்தியம்: கவிழ்த்து வைத்த கிண்ணத்துக்குள் இன்னொரு கவிழ்த்த கிண்ணம். வெளிக் கிண்ணம் நனைந்தாலும் உள் கிண்ணத்தின் உட்புறம் காய்ந்தே இருக்கும். மின்சாரம் தரைக்குப் போக வேண்டுமானால் அந்தக் காய்ந்த பாதையைத் தாண்டியாக வேண்டும். அந்தக் காலத்தில் இவை கப்பலில்தான் வந்தன. விருத்தாசலம் சூளைகள் எல்லாம் பின்னால் வந்த கதை. ஆனால் சூத்திரம் ஒன்றுதான். 1,250 டிகிரியை ஒட்டிய சூட்டில் களிமண் நுண்துளை இல்லாமல் இறுகினால் காவல்; சூடு குறைந்து துளை மிஞ்சினால் கசிவு. உள்ளே மயிரிழை விரிசல் இருந்தால் கண்ணுக்குத் தெரியாது. மழை வந்தால்தான் தெரியும்.

இங்கேதான் எனக்குப் பிடித்த ஆள் உள்ளே வருகிறார். லூயி ஷ்வெண்ட்லர். ஜெர்மானியர், 1838-இல் பிறந்தவர், இந்தியத் தந்தித் துறையில் மின்பொறியாளர். கல்கத்தாவின் அலிப்பூர் உயிரியல் பூங்கா உருவானதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது இன்னொரு சுவாரசியம். தந்தித் துறைக்கு அவர் விட்டுப்போனது ஒரு பழக்கம்: லைன் கெட்ட பிறகு ஓடாதே, கெடுவதற்கு முன்னால் தினமும் அளந்து பார். தந்தி லைன்களைச் சோதிப்பது எப்படி என்று கைப்புத்தகமே எழுதினார். 1870-களில் இந்தியத் தந்தி ஆபீஸ்களின் சோதனை முறைக்கு அதுதான் அடிப்படை.

சோதனை என்ன? விஷயம் எளிமைதான். வேலை தொடங்குமுன், அந்தப் பக்கத்து ஆபீஸ் கம்பியின் முனையைக் காற்றில் விட்டுவிடும். இந்தப் பக்கம் பாட்டரியும் கால்வனாமீட்டரும். மின்சாரம் எங்கும் போக வழியில்லை. ஆகவே முள் எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவும் கசிவு. அடுத்து அந்த முனையைத் தரையோடு இணைக்கச் சொல்வார்கள். இப்போது அளப்பது கம்பியின் சொந்தத் தடை. ஒரு மோசமான இணைப்பு இருந்தால் இந்த எண் ஏறும். இரண்டு எண்களையும் பதிவேட்டில் எழுதி, முந்தைய நாள் எண்ணோடு ஒப்பிடுவது. அவ்வளவுதான்.

இன்றைக்கு இணையதளக் கண்காணிப்பில் நாம் செய்வது இதிலிருந்து ரொம்பத் தூரம் இல்லை. 1983 டிசம்பரில் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் 'பிங்' என்ற சின்ன நிரலை எழுதினார். நீர்மூழ்கியைத் தேடும் சோனார் ஒலியின் பெயர் அது. ஒரு பொட்டலம் அனுப்பு, திரும்பி வருகிறதா பார், எவ்வளவு நேரம் ஆனது என்று குறித்துக்கொள். நேற்றைய எண்ணோடு ஒப்பிடு. ஷ்வெண்ட்லரின் பதிவேடுதான், கம்பிக்குப் பதில் பொட்டலம்.

சரி, எண் கெட்டுப்போய் வந்தால்? அங்கேதான் உண்மையான வேலை ஆரம்பிக்கிறது. கெட்ட எண்ணுக்கு மூன்று அர்த்தம் இருக்கலாம். கவனிக்கப்படுவது கெட்டிருக்கலாம். நடுவழி கெட்டிருக்கலாம். கவனிக்கிறவனே கெட்டிருக்கலாம்.

தந்திக்காரர்கள் மூன்றாவதை முதலில் தீர்த்துக்கொள்வார்கள். லைனைக் கழற்றிவிட்டு ஆபீஸுக்குள் இருக்கும் கருவியையும் கம்பியையும் மட்டும் அளப்பது. அப்போதும் முள் ஆடினால், குற்றம் நம் வீட்டிலேயே. இடிதாங்கிப் பெட்டியில் படிந்த ஈரத் தூசி போதும், நூறு மைல் லைனையும் குற்றவாளி ஆக்க. இன்றைய உதாரணம் ஒன்று. ரைப் அட்லஸ் என்று ஒரு வலை, 2010-இல் ஐரோப்பாவில் தொடங்கியது. தன்னார்வலர்களின் வீடுகளில் சின்னச் சின்னப் பெட்டிகள், உலகம் முழுக்க இன்று பத்தாயிரத்துக்கும் மேல். அவற்றின் மூன்றாம் தலைமுறைப் பெட்டியில் ஒரு யூஎஸ்பி குச்சி செருகியிருக்கும். அது கெட்டுப்போய்ப் பெட்டி மௌனமாவது வாடிக்கை. இணையத்தில் எந்தக் குறையும் இல்லை. பார்க்கிற கண்ணில் பூ விழுந்துவிட்டது.

அடுத்த கேள்வி: மழையா, பழுதா? எல்லாக் கம்பத்திலும் சமமாகக் கசிந்தால், இரண்டு முனையிலிருந்து அளந்தாலும் எண் கிட்டத்தட்ட ஒன்றாகவே வரும். ஒரே இடத்தில் கிண்ணம் உடைந்திருந்தால், பழுதுக்குப் பக்கத்து ஆபீஸ் குறைந்த தடையையும் தூரத்து ஆபீஸ் கூடுதல் தடையையும் காட்டும். ஒரு முனை சொல்வதை மட்டும் நம்பினால் இது தெரியவே தெரியாது. தளம் விழுந்துவிட்டது என்று ஒரே ஒரு நிலையம் சொன்னதும் நடுராத்திரியில் ஆளை எழுப்பக் கூடாது, வேறு ஊர் நிலையங்களையும் கேட்டுவிட்டு எழுப்பு என்று இன்றைக்கு வைத்திருக்கும் விதியின் வேர் இதுதான்.

2008 ஜனவரி 30-ஐ நினைவிருக்கிறதா? எகிப்தின் அலெக்சாண்டிரியா பக்கம் கடலடிக் கேபிள்கள் அறுந்தன. அதில் ஒன்று சென்னைக்கும் வரும் சீ-மீ-வீ 4. இந்தியாவின் வெளிநாட்டு இணைப்பில் பெரிய துண்டு அன்றைக்குப் போயிற்று. அந்த நேரத்தில் ஐரோப்பாவிலிருந்து மட்டும் பார்த்தால் இந்தியத் தளம் செத்த மாதிரி இருக்கும்; அதே தளம் சென்னையிலிருந்து பார்த்தால் சுகமாக இருக்கும். இரண்டும் உண்மை. எங்கே நின்று கேட்கிறோம் என்பதும் விடையின் ஒரு பகுதி.

பழுது இருக்கிறது என்று உறுதியானால், எங்கே? இதற்கு மர்ரே வளையச் சோதனை என்று ஒன்று உண்டு. அழகான யோசனை. இரண்டு ஊருக்கு நடுவே 80 மைல், இரண்டு கம்பி. ஒன்று நல்லது, ஒன்று பழுது. தூரத்து ஆபீஸில் இரண்டையும் முடிச்சுப் போடச் சொல்லுங்கள். இப்போது 160 மைல் வளையம். வீட்ஸ்டன் பாலத்தில் இரண்டு தடைகளை மாற்றி மாற்றி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தால், அவற்றின் விகிதமே பழுது வளையத்தை எப்படிப் பிரிக்கிறது என்று சொல்லிவிடும். 1-க்கு 3 என்று வந்தால், பழுது கால் பங்குத் தூரத்தில்: 40-ஆவது மைல். பழுது எவ்வளவு மோசம் என்பது கணக்கிலேயே வராது. அரைகுறைக் கசிவானாலும் இடம் சரியாக வரும். ஒரே நிபந்தனை, கூடவே ஒரு நல்ல கம்பி வேண்டும். கெட்டதைக் கண்டுபிடிக்க, கெடாத ஒன்று துணைக்கு வேண்டியிருக்கிறது.

இதையெல்லாம் வெறும் கருவி விளையாட்டாக நான் பார்க்காததற்கு, இந்த மண்ணிலேயே நடந்த இரண்டு விஷயங்கள் காரணம்.

ஒன்று அரியலூர். 1956 நவம்பர் 23 விடியற்காலை. சென்னையிலிருந்து விருத்தாசலம் வழியாகக் கார்டு லைனில் போன தூத்துக்குடி எக்ஸ்பிரஸ், அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்றில் விழுந்தது. வெள்ளம் பாலத்தை அரித்திருந்தது. நூற்று நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே இருக்கும் பிளாக் கருவி என்ன சொல்லும்? அந்தத் துண்டில் வேறு வண்டி இல்லை என்று சொல்லும். தண்டவாளத்துக்கு அடியில் மண் இருக்கிறதா என்று அதைக் கேட்கவே முடியாது. அது அதற்காகச் செய்யப்பட்டதில்லை. கேட்ட கேள்விக்குச் சரியான பதில் வரலாம். கேட்காத கேள்வியில் ஜனங்கள் சாகலாம். இணையதளத்திலும் இப்படித்தான்: சர்வர் 'சரி' என்று 200 எண்ணோடு பதில் சொல்லும், பக்கத்தைத் திறந்தால் வெறுமை. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் பதில் வந்ததா என்று மட்டும் பார்க்காமல், பக்கத்துக்குள் இருக்க வேண்டிய ஒரு சொல் இருக்கிறதா என்றும் தேட வைக்கிறார்கள்.

இரண்டாவது தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு. பாம்பனிலிருந்து கிளம்பிய 653-ஆம் எண் பாசஞ்சர் தனுஷ்கோடியை நெருங்கும்போது சிக்னல் இல்லை. ஓட்டுநர் நின்று பார்த்தார், பிறகு வண்டியை நகர்த்தினார் என்றே அந்த இரவைப் பற்றிய விவரிப்புகள் சொல்கின்றன. அலை வண்டியோடு எல்லோரையும் கொண்டுபோயிற்று. வெளியே இருந்தவர்களுக்கு உடனே தெரியவில்லை. கம்பி அறுந்துவிட்டது, அவ்வளவுதான் தெரியும். புயலில் கம்பி அறுவது சகஜம். ஊரே இல்லை என்பதும், ஊர் இருக்கிறது லைன்தான் இல்லை என்பதும் தூரத்து ஆபீஸில் ஒரே மாதிரித்தான் தெரியும்: முள் அசையாது.

மௌனத்துக்குத் தனி அர்த்தம் கிடையாது என்று இந்த வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும். அதனால்தான் இன்றைய வலைகளில் தொலைதூர நிலையம் ஒவ்வொன்றும் குறித்த நேரத்துக்கு ஒரு தடவை 'இருக்கிறேன்' என்று தானாகவே சொல்லியாக வேண்டும் என்று வைக்கிறார்கள். குரல் வரவில்லை என்றால் அதுவே செய்தி. மழை இல்லாத நாளிலும் ஷ்வெண்ட்லர் ஏன் அளக்கச் சொன்னார் என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. நல்ல நாளின் எண் கையில் இல்லாதவனுக்குக் கெட்ட நாளின் எண் ஒன்றும் சொல்லாது.

இந்தியாவில் கடைசித் தந்தி 2013 ஜூலை 14 அன்று போயிற்று. கம்பிகள் ஏற்கெனவே இறங்கிவிட்டன. பழைய ரயில் பாதை ஓரம் சில இடங்களில் கம்பமும் கிண்ணமும் இன்னும் நிற்கும். அந்தக் கிண்ணம் ஒன்று கையில் கிடைத்தால் கவிழ்த்து உள்ளே பாருங்கள். உள் கிண்ணத்தின் ஓரத்தில் எங்காவது மயிரிழை ஓடியிருக்கலாம். ஒரு காலத்தில் அந்த இழை எங்கோ ஓர் ஆபீஸில் முள்ளை அசைத்திருக்கும். அங்கே ஒருவர் விகிதம் போட்டு 40-ஆவது மைல் என்று எழுதியிருப்பார். பிறகு ஒரு லைன்மேன், பெயர் எந்தப் பதிவேட்டிலும் இல்லாதவர், ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நடந்திருப்பார். கணக்கு இடத்தைக் காட்டும். கிண்ணத்தை மாற்ற ஆள்தான் போக வேண்டும். அந்தப் பாதி வேலை அன்றைக்கும் இன்றைக்கும் மாறவே இல்லை.