நந்தா தேவிப் பனியில் தொலைந்த அணு மின்னாக்கி

1965ஆம் ஆண்டு அமெரிக்க, இந்திய உளவுத்துறைகள் இரகசியமாக இமயமலைக்குக் கொண்டுசென்று பனியில் இழந்த கருவி, நந்தா தேவி அணு மின்னாக்கி ஆகும். இதனை அணுகுண்டு என்று பலர் எழுதுவது தவறு. புளுட்டோனியம்-238 சிதையும்போது உண்டாகும் வெப்பத்தை இது மின்சாரமாக மாற்றும், வெடிக்காது.

1964 அக்டோபர் 16 அன்று சீனா சிஞ்சியாங்கின் லோப் நோர் பகுதியில் தன் முதல் அணுகுண்டை வெடித்தது. 1962 போரின் காயம் ஆறாத இந்தியாவுக்கு இது பேரதிர்ச்சி. சீன ஏவுகணைச் சோதனைகளின் வானொலிச் சமிக்ஞைகளை ஒட்டுக்கேட்க, 7,816 மீட்டர் உயரமுள்ள நந்தா தேவியின் உச்சியில் கருவி ஒன்றை வைக்கத் திட்டமிட்டனர். அடிக்கடி ஏறிப் போய் மின்கலம் மாற்ற முடியாத இடம் என்பதால் புளுட்டோனியத்தை நாடினர்.

1965 மே மாதம் ஒன்பது பேரை எவரெஸ்ட் உச்சியில் ஏற்றிய குழுவின் தலைவர் எம். எஸ். கோலியே இதற்கும் தலைமை தாங்கினார். அக்டோபரில் உச்சியை நெருங்கும் வேளையில் பனிப்புயல் வீசியது. கோலி ஆட்களின் உயிரைப் பெரிதாகக் கருதி அவர்களைக் கீழே இறங்கச் சொன்னார். கருவியைப் பாறையோடு பிணைத்துவிட்டு இறங்கினர். 1966இல் திரும்பிச் சென்றபோது, பனிச்சரிவு அதனை அடித்துச் சென்றிருந்தது. தொடர்ந்து தேடியும் பயனில்லை.

மலையடிவார மக்களிடம் எவரும் எதுவும் சொல்லவில்லை. 1978இல் அமெரிக்க இதழ் ஒன்று செய்தியை வெளியிட்ட பின்னரே, ஏப்ரல் 17 அன்று பிரதமர் மொரார்ஜி தேசாய் நாடாளுமன்றத்தில் உண்மையை ஒப்புக்கொண்டார். ஆத்மா ராம் தலைமையில் அமைந்த அறிவியலாளர் குழு, ஆற்றுநீரில் கதிரியக்க மாசு இல்லை என்றது. பதின்மூன்று ஆண்டு மௌனத்துக்குப் பின் வந்த அந்தச் சொல்லை மக்கள் முழுமையாக நம்பாததில் வியப்பில்லை.

நந்தா தேவிப் பனி உருகி ரிஷி கங்கையாக இறங்கி, தௌலி கங்கை, அலக்நந்தா வழியே கங்கையைச் சேர்கிறது. அந்த ஆற்றங்கரையில்தான் 1974இல் மரங்களைக் கட்டியணைத்துக் காத்த சிப்கோ பெண்களின் ஊரான ரைனி உள்ளது. 2021 பிப்ரவரி 7 அன்று பெருவெள்ளம் வந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போயினர். தொலைந்த கருவியின் வெப்பமே பனியை உருக்கியிருக்கும் என ரைனி மக்கள் சிலர் ஐயுற்றனர். ரோண்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து விழுந்ததே காரணம் என ஆய்வாளர்கள் கண்டறிந்தனர்.

புளுட்டோனியம்-238இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 88 ஆண்டுகள். கருவி இன்னும் கிடைக்கவில்லை.