சோளகமும் வாடையும்: இடம்மாறும் அமுக்க வலயங்கள்

பாடசாலையில் உலக அமுக்க வலயங்களை ஏழு பட்டைகளாக வரைந்து புள்ளி வாங்கியவன் நான். மத்திய கோட்டை அண்டித் தாழமுக்கம், இரு அரைக்கோளங்களிலும் 30 பாகையளவில் உயரமுக்கம், 60 பாகையளவில் தாழமுக்கம், முனைவுகளில் உயரமுக்கம். அவை நகர்பவை என்பது அப்போது என் மனதில் பதியவில்லை. கடற்றொழில் செய்த எங்கள் அப்புவோ ஆண்டையே சோளகக் காலம், வாடைக் காலம் என்றுதான் பிரித்தார். அவர் சொன்னது இந்த நகர்வைத்தான்.

சூரியன் யூன் 21 அளவில் கடகக் கோட்டிலும், டிசம்பர் 22 அளவில் மகரக் கோட்டிலும் உச்சம் கொடுக்கிறது. அமுக்க வலயங்களும் அதன் பின்னே வடக்கும் தெற்குமாக நகர்கின்றன. கடல் மெதுவாகவே சூடேறுவதால் இந்த நகர்வு சில வாரங்கள் பிந்தியே நடக்கும். சமுத்திரங்களின் மேல் நகர்வு சிறிது. ஆசியா போன்ற பெருநிலத்தில் மிகப் பெரிது.

யூலையில் மத்திய கோட்டுத் தாழமுக்கம் வட இந்தியச் சமவெளி வரை ஏறிவிடுகிறது. அதை நோக்கித் தெற்கிலிருந்து வரும் காற்று மத்திய கோட்டைக் கடந்ததும், புவிச் சுழற்சியால் வலப்புறம் திரும்பித் தென்மேல் காற்றாகிறது. அதுவே சோளகம். தென்மேற்கு இலங்கைக்கு அது மழை. வடக்கில் எங்களுக்கு வறட்சி. சனவரியில் தாழமுக்கம் மத்திய கோட்டுக்குத் தெற்கே இறங்க, குளிர்ந்த ஆசியாவின் உயரமுக்கத்திலிருந்து வங்கக் கடல் வழியாக வாடை வருகிறது.

இடையில் அந்தத் தாழமுக்கப் பட்டை இரண்டு முறை எங்களைக் கடக்கிறது: மார்ச்-ஏப்ரலிலும், ஒக்ரோபர்-நவம்பரிலும். காற்றுத் தளர்ந்து பின்னேரங்களில் இடிமழை பெய்யும். இரண்டாம் முறை வங்கக் கடலில் தாழமுக்கங்கள் சூறாவளியாக வலுப்பெறுவதும் உண்டு. 1978 நவம்பர் 23 இல் மட்டக்களப்பைச் சிதைத்த சூறாவளி இந்தக் காலத்தில்தான் வந்தது. வன்னியின் குளங்களை நிரப்பி, காலபோக நெல்லுக்கு நீர் தருவதும் இதே காலத்து மழைதான். வாழ்வும் அழிவும் ஒரே பருவத்தில் வருகின்றன.

அதனால்தான் இப்போது என் மகளிடம் ஒரு படம் போதாது என்கிறேன். ஆடிக்கு ஒன்று, தைக்கு ஒன்று என இரண்டு வரையச் சொல்கிறேன்.