பிடோக்கில் நீரிழிவு மருந்தும் மெடிசேவும்

சிங்கப்பூரில் 1984ஆம் ஆண்டு மெடிசேவ் திட்டம் தொடங்கப்பெற்றபோது, அச்சேமிப்பு முதன்மையாக மருத்துவமனைச் செலவுக்கே உரியதாயிருந்தது. நீரிழிவும் உயர் கொழுப்புச்சத்துமோ வலியின்றி ஆண்டுக்கணக்கில் நீடிப்பவை. மெட்ஃபார்மின், ஸ்டாட்டின் முதலிய மாத்திரைகளை நாள்தோறும் உட்கொள்ள வேண்டும். பிடோக் பலதுறை மருந்தகத்தில் அவற்றைப் பெற்றோர், மானியம் போக எஞ்சியதைக் கைப்பணமாகவே செலுத்தினர். கால் அகற்றப்படும் நிலை வந்தபின்னரே சேமிப்பின் கதவு திறந்தது எனலாம்.

2006 அக்டோபரில் நீரிழிவின் வெளிநோயாளர் சிகிச்சைக்கும், 2007 சனவரியில் உயர் கொழுப்புச்சத்துக்கும் மெடிசேவ் அனுமதிக்கப்பெற்றது. தொடக்கத்தில் ஆண்டு வரம்பு 300 வெள்ளி மட்டுமே. இந்தியருக்கு இது சிறு செய்தியன்று: 2010 தேசிய சுகாதார ஆய்வில் நீரிழிவு இந்தியரிடையே 17.2 விழுக்காடு, சீனரிடையே 9.7 விழுக்காடு. சம்பள வேலைக்கே செல்லாத தாய்மாருக்குச் சொந்தக் கணக்கில் சேமிப்பேது? அவர்தம் மாத்திரைக்குப் பிள்ளைகளின் கணக்கே உதவிற்று.