கொடுங்கையூர் மனைகள்: வடசென்னையில் வருமானம் கலந்த குடியிருப்பின் வரலாறு

வடசென்னையின் குடிசைப் பகுதிகள் வேலை இருந்த இடத்தை ஒட்டியே உருவாயின. துறைமுகம், பெரம்பூர் பின்னி ஆலை, எண்ணூர் அசோக் லேலண்டு, திருவொற்றியூர் என்பீல்டு, மணலி சுத்திகரிப்பு ஆலை ஆகியவற்றை நம்பி வந்தவர்களும், காசிமேடு முதல் எண்ணூர் வரை கடலை நம்பியிருந்தவர்களும் நடந்து போகும் தூரத்தில் குடிசை போட்டார்கள். பிற்காலத்து அரசுத் திட்டங்களின் வெற்றி தோல்வியைப் பெரும்பாலும் இந்தத் தூரமே தீர்மானித்தது.

1961-இல் வீட்டு வசதி வாரியமும் 1970-இல் குடிசை மாற்று வாரியமும் அமைக்கப்பட்டன. குடிசை இருந்த இடத்திலேயே மாடிக் குடியிருப்பு கட்டித் தருவது குடிசை மாற்று வாரியத்தின் தொடக்ககால முறை. தீ விபத்துக்கு அஞ்சி வாழ்ந்த குடும்பங்களுக்கு இது பெரிய விடுதலை. பிழைப்பும் கெடவில்லை. எனினும் ஒரு குடியிருப்பில் இருந்த அனைவரும் ஏறக்குறைய ஒரே வருமானம் உடையவர்கள். வீட்டை விரிவாக்கவோ மாடி எழுப்பவோ வழியில்லை.

வேறொரு முறை 1977-இல் உலக வங்கிக் கடனுதவியுடன் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தில் வந்தது. கட்டிய வீட்டுக்குப் பதிலாக, அடிப்படை வசதி செய்த மனையைத் தவணையில் கொடுப்பதே இதன் சாரம். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்கள் இதற்குத் தேர்ந்தெடுக்கப்பட்டன. மனைகள் ஒரே அளவில் பிரிக்கப்படவில்லை. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு ஏறத்தாழ ஒரு சென்ட் மனை, அதில் கழிப்பறையும் குடிநீர் இணைப்பும். நடுத்தர வருவாயினருக்குப் பெரிய மனை. முதன்மைச் சாலையை ஒட்டிய மனைகளும் வணிக மனைகளும் சந்தை விலைக்கு. அந்த விற்பனையில் கிடைத்த மிகுதி சிறு மனைகளின் விலையைத் தாங்கியது. கூலித் தொழிலாளியும் அரசு ஊழியரும் அடுத்தடுத்த தெருக்களில் குடியேற இந்த மனைப் பிரிப்பே வழி செய்தது.

தொடக்கத்தில் பல மனைகள் காலியாகக் கிடந்ததால் திட்டம் தோற்றதாகவே பலர் முடிவு கட்டினர். அது அவசரத் தீர்ப்பு. கையில் பணம் சேரச் சேரக் கட்டுபவர்களுக்குக் காலம் வேண்டும். முதலில் ஓலை அல்லது ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பிறகு தளம், அதன்மேல் வாடகைக்கு விட ஒரு மாடி, சாலையைப் பார்த்த அறையில் ஒரு பெட்டிக்கடை என்று ஒரு சென்ட் மனை குடும்பத்தின் முதலீடாக மாறியது. சென்னை, மும்பை மனைத் திட்டங்களைப் பல ஆண்டுகளுக்குப் பின் மறுபடி பார்த்து 2018-இல் வெளியான ஆய்வு, அவை செழித்த குடியிருப்புகளாக வளர்ந்ததையும், மனை அளவுகளின் வேறுபாடு பல வருமானத்தினரையும் ஒன்றாக வாழச் செய்ததையும் பதிவு செய்தது. சிறு மனைகள் சில கைமாறியதும், மாநகரின் குப்பை கொடுங்கையூரிலேயே கொட்டப்பட்டதும் இந்த வெற்றியின் மறுபக்கம்.

இந்த முறை தொடரவில்லை. 2000-க்குப் பின் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எனத் தென்கோடியில் மறுகுடியமர்வுப் பெருங்குடியிருப்புகள் எழுந்தன. 2004 சுனாமிக்குப் பின் வடசென்னைக் கரையோரக் குடும்பங்களில் ஒரு பகுதியினர் செம்மஞ்சேரிக்கு அனுப்பப்பட்டனர். காசிமேட்டில் விடியுமுன் ஏலத்தில் மீன் எடுத்துக் கூடையில் விற்கும் பெண்ணுக்கு ஏறத்தாழ 30 கி.மீ. தொலைவு என்பது தொழிலை விடுவதற்குச் சமம். அகமதாபாத்தில் 1987-இல் குலுக்கலில் வீடு பெற்றவர்களைப் பற்றிய ஆய்வும் இதையே காட்டுகிறது: 14 ஆண்டுகளுக்குப் பின்னும் அவர்கள் வருமானத்தில் முன்னேற்றம் இல்லை, நகருக்கு வெளியே கிடைத்த அந்த வீடுகளுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒருவர் குடிபோகவே இல்லை. உறவும் வேலையும் பழைய இடத்தில் இருந்தன.

சென்னையில் குடிசை இருந்த இடத்திலேயே கட்டிய பழைய அடுக்குகளும் பராமரிப்பின்றி நலிந்தன. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 1993-இல் கட்டிய குடியிருப்பின் 24 வீடுகள் கொண்ட ஒரு கட்டடம் 2021 டிசம்பர் 27 அன்று இடிந்து விழுந்தது. விரிசலைக் கண்டு குடும்பங்கள் முன்பே வெளியேறியதால் உயிர்ச்சேதம் இல்லை. அதே ஆண்டு குடிசை மாற்று வாரியத்தின் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என மாறியது. சிதைந்த குடியிருப்புகளை இடித்துப் பழைய குடும்பங்களுக்கே கூடுதல் பரப்பில் கட்டித் தருவது இப்போதைய பணிகளுள் முக்கியமானது. இடம் மாறாதது நல்லது. ஆனால் கொடுங்கையூரில் இருந்த பல அளவு மனையும், தானே கட்டி உயர்த்தும் உரிமையும் இந்த அடுக்குகளில் இல்லை.