உணவுக்குழாய்ப் புற்றுநோய்: சிகிச்சைக்குப் பிந்தைய வாழ்க்கைத்தரம்

உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர், உண்ணல், உறக்கம், பேச்சு, வேலை, மனநிலை ஆகியவற்றில் தம் நிலையைத் தாமே மதிப்பிடுவது வாழ்க்கைத்தரம் எனப்படும்.

வரலாறு: உணவுக்குழாயின் கழுத்துப் பகுதியை 1877இல் செர்னி என்ற அறுவை மருத்துவர் வெட்டி அகற்றினார். மார்புப் பகுதியை முதன்முதலில் வெற்றிகரமாக அகற்றியவர் நியூயார்க்கின் பிரான்ஸ் டோரெக் (1913). கழுத்திலும் வயிற்றிலும் துளையிட்டு, உடலுக்கு வெளியே ரப்பர் குழாயால் இரண்டையும் இணைத்தார். 67 வயதான அந்நோயாளி அக்குழாய் வழியாகவே உண்டு பல ஆண்டுகள் உயிர்வாழ்ந்தார். இரைப்பையை மார்புக்குள் இழுத்து இணைக்கும் முறையை ஜப்பானின் ஒசாவா 1933இல் வெளியிட்டார். வயிற்றையும் வலது மார்பையும் திறக்கும் ஐவர் லூயிஸ் முறை 1946இலும், இணைப்பைக் கழுத்தில் அமைக்கும் மெக்கியோன் முறை 1976இலும், மார்பைத் திறக்காத ஆரிஞ்சர் முறை 1978இலும் வந்தன. அக்கால அறிக்கைகள் பிழைத்தவர்களைக் கணக்கிட்டன. அவர்கள் எப்படிச் சாப்பிட்டார்கள் என்று பெரிதாகக் கேட்கவில்லை.

அளவைகள்: 1940களின் இறுதியில் வந்த கார்னோஃப்ஸ்கி அளவையில் மருத்துவரே மதிப்பெண் இட்டார். ஐரோப்பியப் புற்றுநோய் ஆய்வு அமைப்பின் 30 கேள்விப் படிவம் (1993) மதிப்பெண் இடும் பொறுப்பை நோயாளியிடம் ஒப்படைத்தது. உணவுக்குழாய்க்கெனச் சேர்க்கப்பட்ட 18 கேள்விகள் (2003) நான்கு தொகுதிகளாகவும் ஆறு தனி அறிகுறிகளாகவும் பிரியும். தொகுதிகள்: விழுங்க இயலாமை, உண்பதில் சிரமம், எதுக்களிப்பு, வலி. தனி அறிகுறிகள்: எச்சில் விழுங்கல், புரையேறல், வாய் உலர்தல், சுவைக் கேடு, இருமல், பேச்சுச் சிரமம். மதிப்பெண் 0 முதல் 100 வரை. அறிகுறிகளில் எண் கூடினால் துன்பமும் கூடுதல்.

சிகிச்சைக்குப் பின்: அறுவை முடிந்ததும் வாழ்க்கைத்தரம் செங்குத்தாகச் சரியும், நீண்ட காலம் பிழைப்போரில் பெரும்பாலோருக்கு ஓராண்டுக்குள் ஏறத்தாழ மீளும். மூச்சிரைப்பு, எதுக்களிப்பு, வயிற்றுப்போக்கு நீடிக்கலாம். மூன்று வேளைச் சோற்றை ஆறேழு சிறு வேளைகளாகப் பிரித்து உண்ண வேண்டும். இனிப்பு மிகுந்தால் படபடப்பும் வியர்வையும் வரலாம் என்பதால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் அளவோடுதான். படுக்கையில் தலைமாட்டை உயர்த்த வேண்டும். கதிர்வீச்சால் உணவுக்குழாய் சுருங்கினால் உள்நோக்கிக் கருவி (எண்டோஸ்கோப்) வழியே விரிக்கலாம். குணப்படுத்த இயலாத நிலையில் உலோக ஸ்டென்ட் (வலைக்குழாய்) கஞ்சியாவது இறங்க வழிசெய்யும்.

தமிழ்நாட்டில்: முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் அடையாறு புற்றுநோய் மையம் தோன்றியது. விருதுநகர் மாவட்டத்தின் கிருஷ்ணன்கோவில், ராஜபாளையம் வட்டாரத்தார் மதுரை அரசு இராசாசி மருத்துவமனையை நாடுகின்றனர். விருதுநகரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புப் பராமரிப்பு வீட்டுக்கே வருகிறது.