உழைப்பாளரும் பாட்டாளியும்

மயிலத்தைச் சுற்றியுள்ள மணிலா (நிலக்கடலை) கொல்லைகளில் காய் ஆயும் நாளில் இரண்டு பெண்களை அருகருகே பார்க்கலாம். ஒருத்தி, இரண்டு ஏக்கர் மானாவாரி இருந்தும் அடுத்தவர் கொல்லைக்குக் கூலிக்கு வரும் வன்னியப் பெண். மற்றவள் தலித் காலனியிலிருந்து வந்த, நிலமே இல்லாத பெண். இருவர் நகக்கண்ணிலும் ஒரே மண். பொழுது சாய்ந்ததும் ஒருத்தி ஊருக்கும் ஒருத்தி காலனிக்கும் போகிறார்கள். இந்தப் பகுதியில் வேர்விட்ட இரண்டு கட்சிகள் உழைப்பின் பெயரையே சூடிக்கொண்டன. அந்தப் பெயர் யாருக்குச் சொந்தமானது?

எஸ்.எஸ். ராமசாமிப் படையாட்சியாரின் தமிழ்நாடு உழைப்பாளர் கட்சி, வயதுவந்த எல்லோருக்கும் ஓட்டு கிடைத்த முதல் பொதுத்தேர்தலின் பிள்ளை. தலைக்கணக்கில் பெரியவர்களாகவும் பதவியில் சிறியவர்களாகவும் இருந்த வன்னியர்களின் ஓட்டைத் திரட்டி, 1952இல் 19 சட்டமன்ற இடங்களை வென்றது. 1954இல் படையாட்சியார் காமராசர் அமைச்சரவையில் சேர்ந்தார். கட்சி காங்கிரசில் கரைந்தது.

திண்டிவனத்தில் மருத்துவம் பார்த்த ச. ராமதாஸ் வேறு வழியில் வந்தார். 1980இல் வன்னியர் சங்கம். 1987 செப்டம்பரில் இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல். 21 உயிர்கள் போயின. 1989இல் மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 20 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தது. அதே ஆண்டு ஜூலையில், மார்க்ஸ், பெரியார், அம்பேத்கர் படங்களோடு பாட்டாளி மக்கள் கட்சி (பாமக) பிறந்தது.

முன்னது ஆட்சியில் பங்கு கேட்டது. கிடைத்த நாற்காலி ஒரு தலைவரோடு முடிந்தது. பின்னதைப் பெற்றெடுத்த போராட்டம் படிப்பிலும் வேலையிலும் பங்கு கேட்டது. கிடைத்தது நூற்றுக்கும் மேற்பட்ட சாதிகளின் பிள்ளைகளுக்கு இன்றும் கல்லூரிக் கதவைத் திறக்கிறது. ஓட்டைவிடத் தெருப் போராட்டம் ஆழமாக உழுதது என்பேன்.

ஆனால் நிலமும் கூலியும் இரண்டிலும் பின்வரிசைக்கே போயின. 1998இல் தலித் எழில்மலையை மத்திய அமைச்சராக்கி பாமக ஊருக்கும் காலனிக்கும் இடையே ஒரு பாலம் போட்டது. 2012 இறுதியில் தலித் அல்லாத சாதிகளைத் தனியே திரட்டியபோது அதைத் தானே இடித்தது. பெயரில் வர்க்கம் இருந்தாலும், ஓட்டு கேட்கப் போனது சாதித் தெரு வழியாகத்தான். தெருவாகத் திரண்டவர்களுக்கு அதிகாரமும் தெருக்கணக்கிலேயே பங்காகிறது. காலனிப் பெண் கணக்குக்கு வெளியே நிற்கிறாள்.

கொல்லையில் அந்த இருவருக்கும் கூலி ஒன்றுதான். அதை உயர்த்தக் கேட்டு இருவரையும் ஒரே மேடையில் ஏற்றும் கட்சி எதுவோ, உழைப்பாளர் என்ற பெயரும் பாட்டாளி என்ற பெயரும் அதற்கே உரியவை.