ஓசூரில் ஒரு கெனில்வொர்த்

ஓசூர் இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்ததாயினும், 1965-இல் தருமபுரி மாவட்டம் உருவானது முதல் 2004-இல் கிருஷ்ணகிரி பிரிக்கப்படும் வரை தருமபுரியோடுதான் இருந்தது. அதற்கு முன்னர் அது சேலம் ஜில்லாவின் குளிர்ந்த மூலை. ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் அமைந்த இவ்வூரின் தட்பவெப்பம் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு ஒத்துக்கொண்டமையால், 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சேலம் கலெக்டர்கள் சிலர் இங்கேயே தங்கி நிர்வாகம் நடத்தினர். அவர்களுள் ஒருவரான பிரெட், இங்கிலாந்தின் வார்விக்‌ஷயரில் உள்ள கெனில்வொர்த் கோட்டையை முன்மாதிரியாகக் கொண்டு, அதே பெயரில் ஒரு மாளிகையை எழுப்பினார். மணக்கவிருந்த பெண்ணை மகிழ்விக்கக் கட்டியது என்று ஊரார் சொல்லும் கதை சுவையானதே. ஆனால் அவர் எதைப் பார்த்துக் கட்டினார் என்பதே கட்டடக்கலை வரலாறு கேட்கும் கேள்வி.

மூலக்கோட்டை ஒரே காலத்தில் எழுந்ததன்று. 1120-களில் தொடங்கப்பட்ட அதன் செம்மணற்கல் பெருங்கோபுரம், முற்றுகையின்போது கடைசிப் புகலிடமாக அமைந்த உள்ளரண். அதன் சுவர் சில இடங்களில் 5 மீட்டர் வரை தடித்தது. 14-ஆம் நூற்றாண்டில் ஜான் ஆஃப் காண்ட் 90 அடி நீளமும் 45 அடி அகலமும் கொண்ட விருந்து மண்டபத்தைச் சேர்த்தார். பின்னாளில் வந்த லெஸ்டர் பிரபு, எலிசபெத் அரசியை வரவேற்பதற்கென்றே கண்ணாடிச் சாளரங்கள் நிறைந்த தனி மாளிகையை எழுப்ப, 1575-இல் அரசி 19 நாள் விருந்தினராகத் தங்கினார். அரண் அரண்மனையாக மாறிய வரலாறு முழுவதையும் அந்த ஒரே வளாகத்தில் காணலாம்.

ஆனால் இங்கிலாந்தின் உள்நாட்டுப் போருக்குப் பின் 1649-இல் பெருங்கோபுரத்தின் வடசுவர் வேண்டுமென்றே தகர்க்கப்பட்டது. ஆகவே பிரெட்டின் தலைமுறை அறிந்த கெனில்வொர்த், 200 ஆண்டுப் பழமையான இடிபாடும், வால்டர் ஸ்காட் 1821-இல் அதே பெயரில் வெளியிட்ட நாவல் மூட்டிய கற்பனையுமே. அம்பெய்வோர் மறைந்து நிற்பதற்காக மதில் உச்சியில் இடைவெளி விட்டுக் கட்டப்படும் ஞாயில், அக்கால இங்கிலாந்தின் நாட்டுப்புற மாளிகைகளில் வெறும் அலங்காரமாகிவிட்டிருந்தது. அந்த மோகமே கடல் கடந்து ஓசூருக்கும் வந்தது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1791 ஜூலையில் மைசூர் மன்னர் திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலத் தளபதி கார்ன்வாலிஸின் படை கைப்பற்றிய மெய்யான கோட்டை ஒன்று ஓசூரில் ஏற்கெனவே இருந்தது. 1799-இல் திப்பு வீழ்ந்து, எதிரி என்று சொல்ல எவரும் எஞ்சாத பின்னரே அரண் வேடமிட்ட மாளிகை வந்தது. இன்று மூலத்தின் இடிபாடு இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் அமைப்பின் பராமரிப்பில் பார்வையாளர்களை ஈர்க்கிறது. ஓசூர் நகலும் இடிபாடாயிற்று, ஆயினும் அதற்கு ஒரு ஸ்காட் கிடைக்கவில்லை.